தாக்ஸ்டர் வீட்டுக் கணப்பு

அக்டோபர் 19

வீடெல்லாம் செங்கல் தூசி. எந்தக் காலத்திலோ அடைத்து வைத்த, சுவரில் விறகு எரிக்கிற பெரிய கணப்பை ஒருவழியாகத் திறந்துவிட்டார் என் கணவர் வெண்டெல். எலிபலெட் தாக்ஸ்டர் 1768இல் தன் கையால் கட்டிய வீடு. நியூ ஹாம்ப்ஷயர் முழுக்கப் பெயர் வாங்கிய தச்சர். வெண்டெலுக்கு முன்னோர். எனக்கு, செத்து இருநூறு வருஷமாகியும் அதிகாரம் பண்ணுகிற மாமனார்.

அக்டோபர் 23

கொத்தனார் ராஸ்கோ புகைபோக்கிக்குள் விளக்கடித்துப் பார்த்தான். வெண்டெலின் பள்ளித் தோழன்.

"டேய், செங்கலுக்குப் பின்னாடியே மர உத்தரம் ஓடுது. காரையெல்லாம் உதிர்ந்துபோச்சு. இரும்புக் குழாய் இறக்காம இதுல தீக்குச்சிகூடக் கிழிக்காத."

"தாக்ஸ்டர் கட்டினதுக்குள்ள தகரக் குழாயா? மரத்தைப் பத்தி அவரு உங்கிட்ட கத்துக்கணுமாக்கும்!"

"நீயாவது சொல்லு, லோயிஸ்" என்றான் ராஸ்கோ. சொன்னேன். கேட்டால்தானே!

நவம்பர் 22

நன்றி நாள். பகல் முழுக்கக் கணப்பு எரிந்தது. விருந்து வான்கோழியை அதிலேயே வாட்டினார் வெண்டெல். விருந்துக்கு வந்திருந்த ஊர் வரலாற்றுச் சங்கத்தார் கை தட்டினார்கள். அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று! நானும் தட்டினேன்.

நவம்பர் 24

மாடியில் கருகல் வாடை. சுவர் சுடுகிறது. ராஸ்கோவைக் கூப்பிடலாம் என்றேன். "அவன் சொன்னது சரின்னு ஆயிடுமே" என்கிறார். என்ன மனுஷன்! நாளைக்கு நானே கூப்பிடுகிறேன்.

நவம்பர் 27, தங்கை வீடு

கணப்பு அணைந்த பிறகும் உத்தரம் சுவருக்குள் கனன்றுகொண்டே இருந்திருக்கிறது. ஞாயிறு காலை பற்றிக்கொண்டது. வெளியே வந்த மனுஷன் திரும்ப உள்ளே ஓடினார் — தாக்ஸ்டர் செதுக்கிய அலமாரிக் கதவைப் பெயர்க்க!

எங்கள் ஊரில் தீயணைப்புக்கு வருகிறவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை, அக்கம்பக்கத்தார்தான். ராஸ்கோதான் முதலில் வந்தான். உள்ளே போய் வெண்டெலை ஜன்னல் வழியே வெளியே தள்ளினான். அதற்குள் மேல்தளம் இடிந்து இறங்கிவிட்டது.

அவன் வரலை. ராஸ்கோ வரவே இல்ல.

டிசம்பர் 1

அடக்கம். தீயணைப்பு வீரர்களின் வழக்கப்படி வயர்லெஸ்ஸில் அவன் பெயரைக் கடைசியாக மூன்று முறை கூப்பிட்டார்கள். பதில் இல்லாத அந்த அமைதியில் வெண்டெல் எழுந்தார். "அவன் சொன்னான். எங்கிட்ட சொன்னான்." ராஸ்கோவின் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9

சங்கத்தார் வந்தார்கள். வரைபடம் இருக்கிறதாம், அப்படியே திரும்பக் கட்டிவிடலாமாம். வெண்டெல் பாதிப் பேச்சில் கோட்டை மாட்டிக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போய்விட்டார். சனிக்கிழமைகளில் அங்கே வண்டி கழுவுகிறார். அவரோடு யாரும் பேசுவதில்லை. வராதே என்றும் யாரும் சொல்வதில்லை.