புளித்துப்போன வயிறு

தம்பி,

இன்று காலை ஒரு கல்யாண மண்டபத்தைக் கடந்தபோது, வெளியே கொட்டியிருந்த சோற்றின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. அங்கேயே நின்றுவிட்டேன். உன் ஞாபகம் வந்துவிட்டது.

நீ அப்போது மண்டபங்களில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாய். என் பசு சிவப்பி நிறைசினையாக இருந்தது. நான் தவிடு வாங்க வாலாஜாபாத் போய்த் திரும்பியபோது தொட்டியில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. "மண்டபத்துல மீந்த சோறு, ஒரு அண்டாக்கா. மிச்சம் வெக்காம துன்னுச்சு" என்றாய். உன் முகமெல்லாம் சிரிப்பு.

மறுநாள் அது அசைபோடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. சாணம் தண்ணீராகப் போனது, அதிலும் அதே புளித்த நாற்றம். நீதான் ஓடிப்போய் மாட்டு டாக்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். அவர் ஊசி போட்டார், மருந்து ஏற்றினார். பசிக்குப் போட்ட சோறு எப்படி விஷமாகும் என்று கேட்டாய்.

"மாட்டு வயித்துல கோடிக்கணக்குல கிருமிங்க இருக்குதுபா. வைக்கோலை செரிக்க வெக்கிறதே அதுங்கதான். ஒரேடியா சோறு விழுந்தா, புளிப்பு பண்ற கிருமி மட்டும் பெருகிடும். அந்தப் புளிப்புல மத்ததெல்லாம் செத்துடும். அப்புறம் மாடும் தாங்காது" என்றார். உன்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பொழுது சாய்வதற்குள் சிவப்பி கழுத்தைப் பின்னால் திருப்பி விலாவில் சாய்த்துக்கொண்டு உயிர் அடங்கிவிட்டது. அதன் வயிற்றில் வைத்திருந்த உன் உள்ளங்கைக்கு அடியில் கன்று கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. நீ கையை எடுக்கவே இல்லை.

பரிமாறப் போவதை விட்டாய். முகூர்த்த நாட்களில் மண்டபம் மண்டபமாகப் போய், மாட்டுக்குச் சோறு கொட்டாதீர்கள் என்று கெஞ்சினாய். பசுவின் வாயில் மண் போடுகிறாயா என்று ஒருவர் உன்னை நெட்டித் தள்ளினாராம். சட்டை கிழிந்து வந்தாய். "கும்புட்டுக்கினே போடறாங்கக்கா. நானும் ஆசையாத்தான் போட்டேன்" என்றாய். யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை என்றேன். நீ காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாக, என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "அந்த கன்னுக்குட்டிக்கு வலிச்சிருக்குமாக்கா?"

வலித்திருக்காது என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஆனால் அதைக் கேட்டபிறகுதான் நீ கண்ணை மூடித் தூங்கினாய். மறுபடி விழிக்கவில்லை.

நான் சொன்னது நிஜமாக இருக்க வேண்டுமே என்று இன்னும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா