உன் மெயில் முகவரியைத் தொலைத்தவன் எழுதுவது

இன்று காலை உனக்கு ஒரு மெயில் அனுப்பினேன். காபி ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டது. இப்படி ஒரு முகவரியே இல்லையாம். நீ போய் இரண்டாவது மழைக்காலமும் வந்துவிட்டது. "இப்ப எனக்கு மெயில் போட உனக்கு இன்னாடா கேடு?" என்று கேட்பாய். சொல்கிறேன். சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

நம் ஊருக்கென்று நீ இணையதளம் தொடங்கியபோது நான் சிரித்தேன். தங்கச் சுரங்கம் மூடி ஊர் பாதி காலியான பிறகு இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். ஆனால் எங்கெங்கோ போனவர்கள் எழுதினார்கள். ஸ்கெலட்டன் பகுதியில் தன் தாத்தா இருந்த தொழிலாளர் லைன் வீடு இன்னும் நிற்கிறதா என்று ஒருவர் கேட்பார். நீ ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போய் அந்தக் கதவைப் படமெடுத்து அனுப்புவாய். இப்போது அங்கே இருப்பவர்கள் டீயும் கொடுத்துவிட்டு, "இன்னா சார், வூட்ட திருப்பிக் கேக்கறாங்களா?" என்று பயந்துபோய்க் கேட்பார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

ஒருமுறை ஹோஸ்டிங் கம்பெனியை மாற்றினாய். பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில், கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியதும் லேப்டாப்பைத் திறந்து எனக்குக் காட்டினாய். தளம் இருக்கும் இடம் வேறு, டொமைன் என்கிற நம் தளத்தின் பெயரைப் பதிந்த இடம் வேறு என்று பிரித்தே வைத்திருந்தாய். டொமைன் உன் பேரில் இருந்தது. உன் மெயில் முகவரியும் அந்த டொமைனில்தான். புது இடத்தில் மெயில் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை நிறுத்தினாய். "எடத்த எவன்கிட்ட வேணா எடுத்துக்கலாம்டா. பேரு நம்ம கையிலதான் இருக்கணும். சொரங்கக் கம்பெனி மூடுனப்ப நம்ம கையில இன்னா இருந்துச்சு, சொல்லு?" என்றாய்.

நாம் பிறந்த வீடு கம்பெனியுடையது. விளக்கும் தண்ணீரும் ஆஸ்பத்திரியும் கம்பெனியுடையவை. பல்பு ஃபியூஸ் ஆனால்கூடக் கம்பெனி ஆள்தான் வந்து மாட்டுவார். மூடிய பிறகு நம் அப்பாக்கள் இருவரும் வீடு யார் பேரில் என்று அலைந்தார்கள். நீ அதைப் பார்த்துச் சுதாரித்துக்கொண்டாய். நானும்தான் பார்த்தேன். எனக்கு மண்டையில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பாஸ்வேர்டுகளை எல்லாம் என்னிடம் ஒப்படைத்தாய். நீ போன பிறகு தளம் ரொம்ப மெதுவாகிவிட்டதென்று பெங்களூரில் புது ஆள் ஒருவரைப் பிடித்தேன். "டொமைன், மெயில் எல்லாம் நம்ம கிட்டயே இர்லி, இருக்கட்டும் சார். நீங்க தலையக் கெடுத்துக்க வேணாம்" என்றார். அப்பாடா என்றிருந்தது. திரும்பக் கம்பெனி வீட்டுக்கே குடிபோனது போல ஒரு நிம்மதி. டொமைனைத் தன் பேருக்கு மாற்றச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. நான்தான், "உங்க பேர்லயே போட்டுக்கங்க" என்றேன்.

அவர் தொழிலையே மூடிவிட்டுப் போய்விட்டார். போன் அணைந்து கிடக்கிறது. டொமைன் பதியும் இடத்தில் கேட்டால், யார் பேரில் இருக்கிறதோ அவர் சொன்னால்தான் தருவோம் என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். தளம் போயிற்று. உன் மெயில் பெட்டியும் அதில் இருந்ததெல்லாமும் போயிற்று. ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் உன் மகள், நீ போன பிறகும் உன் முகவரிக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்களுக்குப் பதில் எழுத உள்ளே போகும்போதெல்லாம் அவள் பெயர் கண்ணில் படும். ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. உனக்கு நான் செய்த மரியாதை அது ஒன்றுதான்.

நேற்று அவள் கூப்பிட்டாள். "மாமா, அப்பாக்குப் போட்ட மெயில் திரும்பி வருது. இன்னா ஆச்சு?"

"சர்வர்ல வேல நடக்குதும்மா, சரியாப்பூடும்" என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன். அது எப்படியாவது உண்மையாகிவிடாதா என்ற நப்பாசையில்தான் காலையில் நானும் உனக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தேன். திரும்பி வந்ததும் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெயரை நானே தூக்கிக் கொடுத்தது உட்பட.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்பா படிக்கமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா மாமா? ஆனா போட்டா போய்ச் சேந்துச்சு" என்றாள். "இப்பத்தான் மாமா, அப்பா நெஜமாவே பூட்டாரு."

உன்னைத் தோளில் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாரம் அன்றைக்கே இறங்கிவிட்டது. அவள் சொன்னது இறங்கவில்லையடா.