நடவு வயலில் அம்மா

ஐப்பசி 14

தங்கிய பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். விளக்கை எரியவிட்டு எழுதுவது தப்புதான். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

குடிசைகளுக்கு மனைப்பட்டா கேட்டு நாங்கள் ஊர் ஊராகச் சைக்கிளில் பிரசாரம் புறப்பட்டு இது ஐந்தாம் நாள். திருவிடைமருதூர் தாண்டியதிலிருந்து மழை விடவில்லை. மத்தியானம் எங்கள் ஊர் வழியாகவே வந்தோம். சாலையோர வயலில் அம்மா நடவு நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் மிராசுதாரின் காரியக்காரர் குடை பிடித்து நின்றார். ஆட்சி மாறியும் எங்கள் குடிசை நிற்கும் மண் மிராசுதாருடையதுதான்; பட்டா கேட்பவள் வீட்டுப் பெண் என்று தெரிந்தால் அன்றைக்கே காலி செய்யச் சொல்வார்கள். நான் ஹாஸ்டலிலேயே வளர்ந்ததால் காரியக்காரருக்கு என் முகம் தெரியாது.

என்னை அறியாமல் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். அம்மா நிமிர்ந்தாள்.

“யாரு அந்தப் பொண்ணு? ஒங்க தெருவா?” என்றார் அவர்.

“எனக்கென்னங்க தெரியும்? யாரு பெத்த புள்ளையோ, இப்படி நனையுது” என்றாள் அம்மா.

பக்கத்தில் நட்ட பெரியம்மா, “படிச்ச கழுதைங்களுக்கு ஒரு கொடை கூடவா இல்ல!” என்று சிரித்தாள். மற்றவர்கள் நாற்றிலிருந்து தலை தூக்கவில்லை.

பின்னால் வந்த மேரி, “தெரிஞ்சவங்களாடி?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு மிதித்தேன். கொஞ்ச தூரம் வரை முதுகில் அம்மாவின் பார்வை இருந்தது.

அம்மா, நீ சொன்னதில் தப்பே இல்லை. பட்டா கைக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவை, அந்த ஆள் காதில் விழும்படி, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு.