ஒரு சைஸ் பெரிய லைஃப் ஜாக்கெட்

அன்பு மகள் சேவெரினுக்கு அப்பா எழுதுவது. தேவமாதா கிருபையில் நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளை தியேரியும் பேரன் லூயியும் அங்கே சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இங்கே வெயில் குறையவில்லை, அம்மாவின் முழங்கால் வலி தேவலை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், முழுவதும் படி.

சனிக்கிழமை ஏரியில் படகு விடப் போகிறோம் என்று லூயிக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுப் படம் அனுப்பினாயே, ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன், அடுத்த வருஷமும் ஆகும் என்றாய், நானும் கெட்டிக்காரி என்றேன். அந்த வாயைக் கழுவ வேண்டும். பக்கத்து வீட்டு சிவக்குமாரும் தன் மகள் முத்தமிழுக்கு அப்படித்தான் வாங்கியிருந்தார். போன ஞாயிறு அவருடைய நண்பரின் படகில் அரசலாற்றில் போனோம், நானும் இருந்தேன். தண்ணீரைத் தொடக் குனிந்த பிள்ளை உள்ளே விழுந்துவிட்டாள். ஜாக்கெட் மிதக்கிறது, பிள்ளையைக் காணோம். கை இரண்டும் மேலே போய், தலை ஜாக்கெட்டுக்குள் இறங்கிவிட்டது. சிவக்குமார் குதித்து அடியில் கைகொடுத்துத் தூக்கினார். கரைக்கு வந்தும் "வளர்ற புள்ளன்னு வாங்கிட்டேன் சார், வளர்ற புள்ளன்னு வாங்கிட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் இப்போதும் அலறுகிறாளாம். எனக்கோ கண்ணை மூடினால் அந்த ஜாக்கெட்டுக்குள் லூயி முகம்தான் தெரிகிறது.

உன் படத்தை மறுபடி பார், ஜாக்கெட்டின் கழுத்துப் பக்கம் அவன் காதை இடிக்கிறது. அதைக் கடையில் திருப்பிக் கொடு. எத்தனை கிலோவுக்கு என்று உள்பக்கம் போட்டிருக்கும், அவனுடைய இன்றைய எடைக்கு வாங்கு. பக்கிள் எல்லாம் மாட்டி, ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார், மோவாய்க்கு மேல் ஏறினால் வேண்டாம். தொடைக்கு நடுவே வரும் வாரையும் மாட்டு, அழுதாலும் மாட்டு. காற்றடித்த நீச்சல் வளையத்தை நம்பாதே. நீங்கள் இருவரும் போட்டுக்கொள்ளுங்கள், மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று சொல்லாதே, குளிர்ந்த தண்ணீரில் அவரே விறைத்துப்போனால் பிள்ளையை யார் பிடிப்பது? கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே அம்மா, பயத்தில் எழுதுகிறேன்.

மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், மாதா உங்களோடு இருக்கட்டும். கரைக்கு வந்ததும் போன் பண்ண மறக்காதே. சனிக்கிழமைக்குள் சரியான ஜாக்கெட் கிடைக்காவிட்டால் போகவே வேண்டாம். லூயி அழுவான், போனை என்னிடம் கொடு, தாத்தாதான் வேண்டாம் என்றேன் என்று நானே சொல்கிறேன். அப்புறம் அவன் வாழ்நாள் முழுவதும் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
அந்துவான்