தானியேல் சாரின் வருகைத் தாள்கள்

ஜூலை 8, 2024

எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் எழுதி வைப்பதெல்லாம் காலண்டரில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி மட்டும்தான். ஆனால் பேசப் போனால் எனக்குக் குரல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

கல்லூரி நூலகத்தில் தற்காலிக உதவியாளர் வேலை. இன்று தானியேல் சாரின் காகிதப் பெட்டிகள் வந்தன. நாடகம் எழுதியவர், இங்கே நாடகம் சொல்லிக்கொடுத்தவர். போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். அவர் மனைவி ஆரோக்கியமேரி அம்மா ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

"ஊட்ல எலி ஜாஸ்தி ஆயிடுச்சும்மா. நீ பாத்துக்குவ இல்ல?"

தலையாட்டினேன்.

ஜூலை 10

அலுவலகக் கண்காணிப்பாளர் சுப்பிரமணி சார் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். அச்சான நாடகங்களை எனக்குத் தள்ளினார். ஒரு கட்டு வருகைத் தாள்களைத் தனியே வைத்தார். மாதாமாதம் அலுவலகம் அச்சடித்துத் தருமே, மாணவர் பெயர் போட்டு, அவை.

"இது ஆபீஸ் பேப்பரு. வெள்ளிக்கெழம கழிவு வண்டி வருது. ஏத்தி அனுப்பிடு."

அவர் போனதும் ஒன்றைத் திருப்பினேன். பின்னால் பென்சிலில் வசனம். அடுத்ததிலும். எல்லாவற்றிலும்.

ஜூலை 11, மீஞ்சூர் ரயிலில்

மேடையேறாத நாடகம். நந்தினி என்ற பெண் படிப்பை விட்டுவிட்டு கம்பெனி வேலைக்குப் போகிறாள். கடைசிக் காட்சியில் சிப்காட் வேனுக்காக யூனிஃபார்மில் நிற்கிறாள். கல்லூரிப் பேருந்து அவளைத் தாண்டிப் போகிறது. அவள் அதைத் திட்டுகிறாள், ஒரு பக்கம் முழுக்க. படிக்கும்போது எனக்கு வியர்த்தது.

இன்றுதான் முன்பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தேன். ஜூன் தாளில் நந்தினி என்ற மாணவி எல்லா நாளும் வந்திருக்கிறாள். அதன் பின்னால் முதல் காட்சி. ஆகஸ்டில் பாதி நாள் இல்லை, நடுக் காட்சி. நவம்பரில் அவள் பெயர்மேல் சிவப்புக் கோடு. பின்னால் அந்த வேன்.

சார் எந்தத் தாளையும் கைக்குக் கிடைத்தது என்று எடுக்கவில்லை. முன்பக்கம் இல்லாமல் இந்த நாடகம் பாதிதான். இதையா கழிவு வண்டியில் ஏற்றுவேன்?

வீடு வந்து அம்மாவிடம் சொன்னேன். கும்மிடிப்பூண்டி கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"இன்னாடி, பழைய பேப்பர கட்டிக்கினு அழுவுற? வேல போச்சுன்னா சொல்லு, என் பக்கத்துலயே ஒரு கொழா காலியா கீது."

ஜூலை 12

இன்று வெள்ளிக்கிழமை.

வண்டி வந்தது. 'பயனற்றவை' என்று அச்சிட்ட தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"பயன் இருக்கு சார்."

"போட்டோ எடுத்துக்கோயேன், யாரு வேணான்றா? கையெழுத்த போடு."

"பென்சில் போட்டோல விழல சார். நான் போட மாட்டேன்."

"அடுத்த மாசத்துக்கு உன் வேல ஆர்டரு என் டேபிளுக்குத்தாம்மா வரணும்."

பேச்சு வராவிட்டால் உடம்பு இருக்கிறது. கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிம்மா! பொம்பளப் புள்ள பண்ற வேலயா இது?"

வண்டிக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு, "சார், அந்தம்மாவையும் சேத்தே எடை போட்டுடவா?" என்றார். வராந்தாவே சிரித்தது. நான் எழுந்திருக்கவில்லை. மற்ற மூட்டைகளோடு வண்டி போயிற்று.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவா வாங்கினேன்?

ஜூலை 15

முதல்வர் அருணா மேடம் கூப்பிட்டார். சுப்பிரமணி சாரும் இருந்தார். கட்டைப் பிரித்து ஜூன், ஆகஸ்ட், நவம்பர் என்று மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினேன்.

மேடம் நவம்பர் தாளிலேயே நின்றுவிட்டார்.

"இந்தச் செவப்புக் கோடு நான் போட்டது. அப்ப நான் துறைத் தலைவர். அந்தப் பொண்ணு ஏன் வரலன்னு தானியேல் கேட்டுக்கினே இருந்தாரு."

சுப்பிரமணி சார், "மேடம், ரூல்ஸ் படி..." என்றார்.

"லைப்ரரியிலயே இருக்கட்டும் சார்." பிறகு என்னிடம்: "உன் ஆர்டர் பத்தி நான் வாக்கு குடுக்க முடியாது மோனிகா."

"பரவால்ல மேடம்" என்றேன். பொய். வேலை எனக்கு வேண்டும். அதற்காகக் கையெழுத்துப் போட மாட்டேன், அவ்வளவுதான்.

ஜூலை 23

ஆர்டர் வரவில்லை.

ஜூலை 31

நூலகத்தில் கடைசி நாள். தாள்களை உறையிலிட்டு, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி வைத்து, எண் போட்டேன். சுப்பிரமணி சார் சாவியை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

கல்லூரி நாடக மன்றத்தார் செப்டம்பரில் இதை மேடையேற்றுகிறார்களாம். நந்தினிக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. பேருந்தைத் திட்டுகிற அந்தப் பக்கத்தைச் சொல்லப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள்.

மேடம் அறை வாசலில் நின்றேன். அவரே முந்திக்கொண்டு, "ஆர்டர் விஷயமாம்மா?" என்றார்.

"இல்ல மேடம். நந்தினியா நான் நடிக்கட்டுமா?"