கடற்கரைப் பாதையில் இருபத்தாறு அங்குலம்

அனுப்புநர்:
இ. கதிர்காமநாதன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மூன்றாம் வட்டாரம்,
புன்னைத்துறை,
முல்லைத்தீவு மாவட்டம்.

பெறுநர்:
தவிசாளர் அவர்கள்,
பிரதேச சபை,
புன்னைத்துறை.

பொருள்: கடற்கரைச் சைக்கிள் பாதையின் இரு முனைகளிலும் உள்ள கொங்கிறீற் தூண்களை மாற்றி நடுதல் தொடர்பாக, அத்தூண்களை நடுமாறு கேட்டவரே செய்யும் முறைப்பாடு.

தொடர்பு: 2024.03.11ஆம் திகதிய எனது கடிதம்.

மதிப்புக்குரிய தவிசாளர் ஐயா,

1. முறைப்பாட்டுக்கு முன் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். சந்தைச் சந்தியிலிருந்து, மீன் இறக்கும் கொட்டில்களான வாடிகள் வரை கடலோரமாகச் சபை அமைத்துத் தந்த பாதையில் நான் நாள்தோறும் சைக்கிளில் போய் வருகிறேன். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு ஆறரைக்கு வீடு திரும்பிவிடுவேன். எனக்கு எழுபத்தொரு வயது. மருந்துக் குளிசை ஒன்றே ஒன்றுதான். அதற்குச் சபைக்கும் பங்குண்டு என்று நம்புகிறேன்.

2. இப்பாதை திறந்த புதிதில் மோட்டார் சைக்கிள்களும் மீன் ஏற்றும் உழவு இயந்திரங்களும் இதனுள் ஓடத் தொடங்கின. நடப்பவர்களும் சைக்கிள்காரரும் வேலியோரம் ஒதுங்க வேண்டியதாயிற்று. ஆகவே பாதையின் இரு முனைகளிலும் தூண்கள் நட்டு, சைக்கிள் மட்டும் புகுமளவுக்கு இடைவெளி விடுமாறு மேற்குறித்த கடிதத்தில் கேட்டிருந்தேன். அலுவலகத்துக்குச் சிரமம் வைக்காமல் அளவையும் நானே எழுதினேன். எனது சைக்கிளின் ஹாண்டில் இருபத்து மூன்று அங்குலம். விரல்கள் உரசாதிருக்க மூன்று அங்குலம் கூட்டினேன். மொத்தம் இருபத்தாறு.

3. கடந்த டிசெம்பரில் தூண்கள் நடப்பட்டன. பாதையின் அகலம் எட்டு அடி, ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலத் தடிப்புள்ள இரண்டு தூண்கள், மூன்று இடைவெளிகள். நாடாவைக் கொண்டுபோய் அளந்து பார்த்தேன். மூன்றும் சரியாக இருபத்தாறு அங்குலம். வேலையை மேற்பார்வை செய்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் திரு. சுகிர்தன் என்னிடம் படித்தவர். விடையை "ஏறக்குறைய" என்று எழுதியதற்காக ஒன்பதாம் ஆண்டில் அவருடைய கொப்பியை மூன்று முறை திருப்பிக் கொடுத்திருக்கிறேன். தூண்களைப் பார்க்கப் போன அன்று அவர் என்னிடம், "சேர், ஒரு நூலும் பிசகேல்லை, பாருங்கோ" என்றார். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இம்மனுவில் வரும் எக்குறையும் அவரைச் சேராது என்பதைச் சபை குறித்துக்கொள்ள வேண்டும்.

4. அதன்பின் எட்டு மாதங்கள் அந்த இடைவெளியினூடாகக் காலையில் இரண்டு தரம் போய் வந்தேன். என் விரலில் ஒரு கீறலும் விழவில்லை. எனக்குச் சரியாக இருந்தபடியால் ஊருக்கே சரி என்று இருந்துவிட்டேன்.

5. சென்ற மாதம் வீரம்மா என்பவர் என் வீட்டுக்கு வந்தார். தர்மபுரத்திலிருந்து இங்கு வந்து குடியேறியவர். வாடியில் மீன் எடுத்து, சைக்கிளில் கட்டி, தண்ணீரூற்றுப் பக்கம் வரை கொண்டுபோய் விற்பவர். ஊரவர்களுக்கு நான் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதுண்டு என்பதால் வந்திருந்தார். மனு ஒன்றில் ஆட்களின் பேச்சை அப்படியே சேர்ப்பது முறையன்று. ஆயினும் குற்றம் செய்தவன் வாக்குமூலம் கொடுக்கும்போது எதையும் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். அவர் கூறியது இது: "மாஸ்டர், அந்தக் கட்டைய நடச் சொல்லி எவனோ வேல வெட்டி இல்லாதவன் ஒருத்தன் எழுதிக் குடுத்திருக்கானாம். அவன் மேல சூடா ஒரு மனு எழுதிக் குடுங்க."

குசினிக்குள் நின்ற என் மனைவி கமலாசனி இதைக் கேட்டு வெளியே வந்து, "எழுதுங்கோவன், வடிவா எழுதுங்கோ. அந்த ஆளின்ர விலாசம் நான் சொல்லுறன்" என்றார்.

நான் உண்மையைச் சொன்னேன். வீரம்மா என்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து நெடுநேரம் சிரித்தார். "அப்ப நல்லதாப் போச்சு. உங்க மேல நீங்களே எழுதுங்க மாஸ்டர், பிழையில்லாம வரும்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

6. வீரம்மாவின் சைக்கிளில் பின்னால் கட்டும், ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி குறுக்குவாட்டில் முப்பத்தொரு அங்குலம். நீளவாட்டில் வைத்தால் அவர் ஆசனத்தில் இருக்க இடமில்லை. ஆகவே தூணடிக்கு வந்ததும் இறங்கி, கயிற்றை அவிழ்த்து, ஐசும் மீனும் நிறைந்த பெட்டியை இறக்கி, சைக்கிளை அப்பால் தள்ளி, பெட்டியை மீண்டும் ஏற்றிக் கட்ட வேண்டும். தனியாளாகத் தூக்க முடியாது. யாராவது வரும் வரை நிற்பார். பாதையின் மறுமுனையிலும் இதே வேலை. அவர் வருவது ஏழு மணிக்கு. அந்நேரம் நான் வீட்டில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் எட்டு மாதமாக இது என் கண்ணில் படவில்லை. பிரதான வீதியால் சுற்றினால் நான்கு கிலோமீற்றர். இடையில் ஒடுங்கிய பாலம். மணல் ஏற்றிய டிப்பர்கள் எதிரும் புதிருமாக வரும் இடம். சபை உறுப்பினர்கள் அங்கே ஒருநாள் சைக்கிளில் போய்ப் பார்க்கட்டும் என்று நான் கேட்கமாட்டேன். எனக்கு அவர்கள்மேல் அன்பு உண்டு.

7. இவ்விடயத்தை வீரம்மா தை மாதமே சபை அலுவலகத்தில் வாய்மொழியாகத் தெரிவித்திருக்கிறார். "இந்தக் காலத்தில ஆரம்மா சைக்கிளில மீன் விக்கிறது? ஒரு மோட்டச்சைக்கிள் எடுங்கோவன்" என்று அங்கிருந்த ஒருவர் சொல்லியனுப்பியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் சைக்கிளில் வருபவரைக் கண்டால் மோட்டார் சைக்கிளுக்கு வழியில்லாதவர் என்றே எண்ணும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. ஓர் உதாரணம் சொல்கிறேன். சென்ற ஆவணியில் கல்யாண மண்டபம் ஒன்றுக்குச் சைக்கிளில் போனேன். வாசலில் நின்றவர், "ஐயா, சைக்கிளை முன்னுக்கு விடாதேங்கோ, பின்னால சமைக்கிற கிடாரத்தடியில விடுங்கோ" என்றார். விட்டேன். அதனால் அன்று முதல் வடை எனக்குத்தான் கிடைத்தது. ஆகவே அவர்மீது எனக்கு முறைப்பாடு இல்லை.

இன்னொன்று. 2022ஆம் ஆண்டு பெற்றோல் இல்லாதிருந்த மாதங்களில் இவ்வூர் முழுவதும் சைக்கிளில் ஏறியது. வங்கி முகாமையாளரும் ஏறினார், பூசகரும் ஏறினார். அப்போது ஒருவரும் கிடாரத்தடிக்கு அனுப்பப்படவில்லை. அந்நாட்களில் தங்கள் அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் காற்றடிக்கும் பம்பை இரவல் வாங்கிச் சென்றார். பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. பம்பு பச்சை நிறம்.

8. முன்பு விட்ட பிழையை இம்முறை விடக்கூடாது என்று, இம்மாதம் மூன்று நாட்கள் காலை ஆறு முதல் எட்டரை வரை சந்தை முனையில் கதிரை போட்டு இருந்து, போய்வந்த சைக்கிள்களை எண்ணினேன். சுமை கட்டியவற்றை நிறுத்தி அளந்தேன். மூன்று நாட்களிலும் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு சைக்கிள்கள். அவற்றுள் முப்பத்தெட்டு இருபத்தாறு அங்குலத்துக்குள் அடங்காதவை: மீன்பெட்டி, விறகுக்கட்டு, இருபுறமும் தொங்கும் தண்ணீர்க் கான், ஒருமுறை ஓர் ஆட்டுக்குட்டியும் அதன் கூடையும். அளவுகள் இணைப்பில் உள்ளன.

மூன்றாம் நாள் வீரம்மா என் அட்டவணையை எட்டிப் பார்த்து, "கஜேந்தினி புள்ளட வண்டிய எங்க காணோம்?" என்று கேட்டார். அது பாதையில் வரவில்லை, ஆகவே அளக்கவில்லை என்றேன். சொல்லி முடித்தபின்தான் என் பிழை எனக்கு விளங்கியது. வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்து "வராதவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று கேட்பது போன்ற வேலையை மூன்று நாளாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

9. செல்வி கஜேந்தினி ஆறாம் வட்டாரத்தில் தாயாருடன் வசிப்பவர். முழங்காலுக்குக் கீழ் இரு கால்களும் இல்லை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லுச் சைக்கிளில் நாள்தோறும் எட்டு மணிக்கு இப்பாதையால் வாடிக்கு வந்து கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தவர். அவருடைய கை வேகத்துக்கு அங்கு ஈடு இல்லை என்று கடற்றொழிலாளர் சங்கத்தார் சொல்வார்கள். வேகமான வாயும் உடையவர் என்றும் சொல்வார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சைக்கிள் மாமரத்தடியில் படங்குச் சீலையால் மூடிக் கிடந்தது. பின்சில்லுகளின் அகலம் முப்பத்து நான்கு அங்குலம். தூண்கள் நட்ட நாளிலிருந்து, அதாவது ஒன்பது மாதங்களாக, அவர் வாடிக்குப் போகவில்லை. பாலத்தால் போகத் தாயார் விடவில்லை. சங்கத்தார் நல்லவர்கள், வலைகளை வீட்டுக்கே அனுப்பி வைக்கிறார்கள். "வேலை வீட்டை வருகுது சேர். கதைக்கிறதுக்கு ஆக்கள்தான் வரேல்லை" என்றார்.

ஏன் ஒருவரிடமும் முறையிடவில்லை என்று கேட்டேன். கையிலிருந்த வலையைப் பொத்தியபடியே அவர் சொன்னார்: "தூணை நட்டதைப் பார்க்க, அது எனக்குப் போட்ட பாதை இல்லையாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

ஐயா, முப்பத்து மூன்று வருடங்கள் கற்பித்தவன் நான். விடை தெரியாத பிள்ளையின் மௌனம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அப்படியான மௌனமல்ல. அந்தத் தூணை நடச் சொன்னவன் நான் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப நீங்களே புடுங்கியும் விடுங்கோ சேர்" என்றார்.

10. ஆகவே எனது தாழ்மையான யோசனை: இரு முனைகளிலும் இப்போதுள்ள இரண்டிரண்டு தூண்களையும் அகற்றி, நடுவில் ஒரே ஒரு தூணை நட வேண்டும். எட்டு அடி என்பது தொண்ணூற்றாறு அங்குலம். தூணுக்கு ஒன்பது போக எண்பத்தேழு. இருபுறமும் நாற்பத்து மூன்றரை அங்குலம் வீதம் கிடைக்கும். உழவு இயந்திரமும் ஓட்டோவும் புகாது. மீன்பெட்டியும் மூன்று சில்லுச் சைக்கிளும் தாராளமாகப் போகும்.

மோட்டார் சைக்கிளும் புகும். அதை ஒளிக்கமாட்டேன். மூன்று சில்லுச் சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளை மட்டும் மறிக்கும் அகலம் ஒன்று இருக்கிறதா என்று இரண்டு கொப்பித்தாள் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இல்லை. அந்த வேலையைத் தூண் செய்யாது, நாங்கள்தான் செய்ய வேண்டும். கடற்றொழிலாளர் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் இதைப் பேசினேன். ஓர் இளைஞர் எழுந்து, "சேர், இப்பவும் ஆர் சைக்கிள் ஓடுறது?" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "உன்ர அம்மா ஓடுறா, போய்க் கேள்" என்றார். கூட்டம் சிரித்து முடிந்ததும் தீர்மானம் எடுத்தார்கள்: சங்க அங்கத்தவர் எவரும் மோட்டார் சைக்கிளில் இப்பாதையைப் பாவிப்பதில்லை, மீறுபவர் அன்று வாடியைக் கூட்டித் துப்புரவாக்க வேண்டும். எழுந்து கேட்ட இளைஞரே முதலில் கையொப்பமிட்டார். தீர்மானத்தின் பிரதியை இணைத்துள்ளேன். சபை ஓர் அறிவித்தல் பலகையும் வைத்தால் உதவியாக இருக்கும். பலகை வரும் வரை காலை ஆறரைக்கு வீடு திரும்பாமல் எட்டரை வரை நானே அங்கு இருப்பேன். பத்திரிகையை அங்கும் வாசிக்கலாம், காற்று நல்லாயிருக்கும்.

11. மாரி தொடங்கினால் கடலோர மண் இளகி, தூண் நடும் வேலை தைக்குத் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் கஜேந்தினி வாடிக்குப் போகாமல் ஒரு வருடம் நிறைந்துவிடும். ஆகவே ஐப்பசி பிறக்கும் முன் இதை நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன். வேலை நடக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்தால் நன்று. புதிய இடைவெளியினூடாக முதலில் போகவேண்டியவர் யார் என்பதை நாங்கள் தீர்மானித்து வைத்திருக்கிறோம். அவருக்கு வாடியில் வலை வேலை காத்திருப்பதால் காலை எட்டு மணிக்குப் பிந்தாமல் இருக்க வேண்டும்.

12. சென்ற முறை அளவை எழுதியவன் நான் ஒருவன் மட்டும், சரிபார்த்தவனும் நானே. இம்முறை நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பிடித்தவர்களின் கையொப்பங்கள் கீழே உள்ளன.

பழைய பிழையைத் திருத்த இடந்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளும்,

இ. கதிர்காமநாதன்
புன்னைத்துறை
2025.09.15

அளவு சரியெனக் கண்டவர்கள்:
ரா. வீரம்மா (முப்பத்தொரு அங்குலம்)
சி. கஜேந்தினி (முப்பத்து நான்கு அங்குலம்)

இணைப்புகள்:
2024.03.11ஆம் திகதிய கடிதத்தின் பிரதி
மூன்று நாள் அளவு அட்டவணை, பின்னர் சேர்த்த ஒரு வரியுடன்
கடற்றொழிலாளர் சங்கத் தீர்மானத்தின் பிரதி