கடுக்காய்க் கறை

புருசெத், ஒஸ்லோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? எண்ணெய் பூசுகிறீர்களா, அல்லது போத்தல் மூடியபடியே இருக்கிறதா?

நெசவுப் பள்ளியில் இப்போது பழைய கறுப்பு லேஸைப் பழுதுபார்க்கக் கற்கிறோம். வெள்ளை லேஸ் நூறு வருடம் கடந்தும் உறுதியாக இருக்கிறது. கறுப்போ விரல் பட்டாலே இற்றுவிடுகிறது. சாயத்தில் சேர்த்த இரும்பு பட்டு நூலை மெல்ல மெல்லத் தின்றுவிடுமாம்.

வயிற்றுக்கென்று நீங்கள் தந்துவிட்ட கடுக்காயை அவித்து, துருப்பிடித்த ஆணிகளைக் கொஞ்சமாகப் போட்டு, ஞாயிறன்று குசினியில் பட்டு நூலுக்குச் சாயமேற்றினேன். நூல் நல்ல கறுப்பாக வந்தது. சிங்கும்தான்.

வீட்டுக்கார ஜெயகுமாரி அன்ரிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அவர் வரும்போது நான் போய்விடுவேன். அன்று வந்து பார்த்தவர், “பிள்ளை, சிங்குக்குள்ளை தார் ஊத்தினனீரோ?” என்றார்.

“இல்லை அன்ரி, கடுக்காய்த் தண்ணி. இரும்பு பட்டுக் கறுத்துப்போச்சு.”

“வயித்துக்குக் குடிக்கிறதை நூலுக்கோ குடுத்தனீர்!”

இருவரும் தேசிக்காய்ப் பாதிகளால் தேய்த்தோம். பிறகு இருந்து தேத்தண்ணி குடித்தோம். நான் இந்த வீட்டுக்கு வந்தபின் அவரோடு இருந்து கதைத்தது அன்றுதான். பயப்பட ஒன்றுமில்லை, கறை முழுதும் போய்விட்டது. அன்ரியும் வேலைக்குப் போய்விட்டார்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கடுக்காய் கொடுத்துவிடுங்கள். சாயப் பாடம் முடிந்துவிட்டது, என் வயிற்றுக்கும் ஒன்றுமில்லை. என்றாலும் கொஞ்சம் கூடவே அனுப்புங்கள்.

றெயினுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
தர்மினி